நெஞ்சுப் பாரத்தை விரட்டப் போராடிய மாதங்கள்

அம்மா இறந்தபின், அவருடைய குரல் பதிவுகள் இருந்த பழைய கைபேசியை ஓராண்டுக்கும் மேலாக நான் தொடவே இல்லை. கேட்டால் நெஞ்சை அடைக்கும் என்ற பயம்தான் தொடக்கம், பிறகு அம்மாவைப் பற்றிப் பேசும் உறவினர்களைத் தவிர்த்தேன், "பாட்டி எப்படிப் பேசுவாங்க?" என்று மகள் கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

முதலில் பார்த்த ஆலோசகர், நினைவு வரும்போதெல்லாம் மனத்தை வேறு பக்கம் திருப்பச் சொன்னார். நான்கு மாதம் அப்படியே செய்ததில், நினைவு வருகிறதா என்று காவல் காப்பதிலேயே பொழுது கழிந்தது. வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இலேயே சோதனையில் காட்டியிருக்கிறார் என்று பின்னர் படித்தபோது, வீணான அந்த மாதங்களை எண்ணி ஆற்றாமையாக இருந்தது.

அடுத்து நான் பார்த்த ஆலோசகர், உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் உருவாக்கத் தொடங்கிய, 'ஆக்ட்' எனப்படும் ஏற்பு சார்ந்த சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். வலியிலிருந்து தப்பிக்க இதுவரை என்னென்ன செய்தேன், அதற்காக எதையெல்லாம் இழந்தேன் என்று எழுதச் சொன்னார். இரண்டாவது பட்டியலில் மகளின் கேள்விதான் முதலில் வந்தது.

இதற்குப் பிறகும் ஒரு பெரிய தவறு செய்தேன். இதே வழியில் செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாரம் எழும்போது அது உடலில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பரந்திருக்கிறது என்று கவனித்து அதற்கு இடம் கொடுக்கும் பயிற்சியை, பாரம் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதற்காகவே செய்துவந்தேன். ஆறாவது சந்திப்பில், "பயிற்சி பலிக்கவில்லை, பாரம் குறையவே இல்லை" என்று குறைபட்டுக்கொண்டேன். "குறைய வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்தால் அதுவும் விரட்டுவதுதானே?" என்றார். ஏற்பு என்பது வலியை விரும்புவதோ சகித்துக் கிடப்பதோ அல்ல, முக்கியமான ஒன்றைச் செய்யும்போது அது உடன் வர அனுமதிப்பது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மறுவாரம் கைபேசிக்கு மின்னேற்றி, மகளை அருகில் உட்காரவைத்து ஒரு பதிவை ஓடவிட்டேன். "சாப்பிட்டியா கண்ணு" என்ற முதல் சொற்களிலேயே தொண்டை அடைத்துக் கண்ணீர் வந்தது. பாதியில் நிறுத்தினேன், சிறிது நேரம் கழித்து, பாரம் அப்படியே இருக்க, மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டேன். மகள் இன்னொரு பதிவையும் போடச் சொன்னாள்.