பலகைக்கும் கிளைக்கும் ஒரே செயின்சா வேண்டாம்

ஒடுகத்தூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் "அண்ணா, கிளை வெட்டவும் பலகை அறுக்கவும் ஒரே செயின்சா போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போதாதுப்பா. குறுக்கே வெட்டும்போது நடுநடுவே மெஷினுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பலகைக்கு நீளவாக்கில் அறுக்கும்போது நிமிஷக் கணக்கில் முழு வேகத்தில் இழுக்க வேண்டும், 45 சிசி மெஷினை அதில் போட்டு வதைத்தால் சூடேறி பிஸ்டனே சிராய்த்துவிடும்.

சின்னக் கட்டை என்றால் 70 சிசி சமாளிக்கும். இரண்டடி அகல மாமரம் என்றால் யோசிக்காமல் 90 சிசி பக்கம் போய்விடுங்கள், ஸ்டில் (Stihl) கம்பெனியின் 661, ஹஸ்க்வர்னா கம்பெனியின் 395 எல்லாம் அந்த ரகம்தான். பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, கொஞ்சம் நீளமாகவே வாங்குங்கள், பலகை அறுக்கும் சட்டத்தை மாட்டினால் சில அங்குலம் அதிலேயே போய்விடும்.

அப்புறம் செயின். சாதாரண செயினில் பல்லை 30 டிகிரி சாய்வில் தீட்டியிருப்பார்கள், பலகைச் செயினில் சுமார் 10 டிகிரிதான், வெட்டு வழவழப்பாக வரும். பெட்ரோலில் ஆயில் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, கண்ணளவில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

நம்ம ஊர் வரப்போரப் புளியமரங்களில் பழைய ஆணியும் வேலிக்கம்பியும் புதைந்து கிடக்கும். அறுக்கிற இடத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், பெரும்பாலும் உள்ளே இரும்புதான்.

தோப்பு வேலைக்கு மட்டும் என்றால் சரி, 45 சிசியே தாராளம். நாள் முழுக்கத் தூக்கினாலும் தோள் தாங்கும்.