தாய்வீடே சொந்த வீடாகும் ஈசான்

தாய்லாந்தின் வடகிழக்கில் 20 மாகாணங்களாக விரிந்து கிடக்கிறது ஈசான். அங்கே ஒரு கிராமத்து வீட்டில் தங்கப் போகிறவர்களுக்குப் பயண நூல்கள் கைகூப்பி வணங்கும் முறையையும் காலணி கழற்றும் இடத்தையும் தவறாமல் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. அந்த வீடு யாருடையது என்பதைத்தான் சொல்வதில்லை. அது தெரிந்துவிட்டால் மற்ற வழக்கங்களில் பெரும்பாலானவை தாமே விளங்கிவிடும் என்பது என் கருத்து.

ரோய் எட் மாகாணத்தில் நான் தங்கிய வீட்டில் ஒரு மூதாட்டியும், அவருடைய கடைசி மகளும், பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்த மருமகனும், பெற்றோர் பாங்காக்கில் வேலை பார்ப்பதால் பாட்டியிடம் வளரும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பகுதியின் பழைய வழக்கப்படி, திருமணமானதும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவர வேண்டும். தங்கைக்கு மணமாகும் காலம் நெருங்கும்போது மூத்தவள் அதே வளாகத்திலோ அருகிலோ தனி வீடு கட்டிக்கொள்வாள். கடைசி மகள் பெற்றோரை இறுதிவரை பராமரித்து, அந்த வீட்டுக்கு உரியவளாவாள். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றாலே ஒரு நமட்டுச் சிரிப்பு எழும். அங்கே அதுதான் இயல்பு.

‘சின்சோட்’ எனப்படும் பரிசப் பணத்தையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெற்றோருக்குக் கொடுக்கும் இந்தப் பணத்தையும் நகையையும் திருமணத்தன்று எல்லோரும் பார்க்கும்படி பரப்பி வைப்பார்கள். தாய்ப்பாலுக்கு ஈடு என்று அதைச் சொல்வதும் உண்டு. மேலைநாட்டு மாப்பிள்ளைகள் பலர் இதைப் பெண்ணை விலை பேசுவதாக எண்ணிக் கொதிக்கிறார்கள். ஆனால் சில பெற்றோர் அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ மணமக்களிடமே திருப்பித் தந்துவிடுவதும் உண்டு. வெளிநாட்டவர் தாய்லாந்தில் நிலம் வாங்கப் பொதுவாகச் சட்டம் இடந்தராது. எனவே அந்த மாப்பிள்ளைகள் கட்டும் காங்கிரீட் வீடுகளும் பெரும்பாலும் மனைவியின் பெயரில் உள்ள மனையில்தான் எழுகின்றன. பழைய வழக்கம் இப்படிப் புதிய உருவில் தொடர்வதைக் கண்டு நான் வியந்தேன்.

ரோய் எட்டை ஒட்டிய சமவெளியில் விளையும் மல்லிகை அரிசி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது விற்பதற்கு. வீட்டில் உண்பது ஒட்டரிசி. அதை இரவே ஊறவைத்து, விடியுமுன் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். முதல் சோறு பிக்குகளுக்கு. வீட்டுப் பெண்கள் செருப்பில்லாமல் தெருவோரம் மண்டியிட்டுக் காத்திருந்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சிறு உருண்டை இடுவார்கள்; பிக்குவின் மேல் அவர்கள் கை படக்கூடாது. அதன் பிறகு பாயில் வட்டமாக அமர்ந்து, மூடியிட்ட மூங்கில் கூடையிலிருந்து சோற்றைக் கையால் எடுத்து உருட்டி, நொதித்த மீன் சேர்ந்த காரக் குழம்பில் தொட்டு உண்பார்கள். கையால் உண்டு பழகிய நமக்கு இதில் சிரமமில்லை. அந்த மீனின் வாடைதான் சிலரைச் சோதிக்கும். உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிச் செல்வதும், பெரியவர்களின் பக்கம் கால் நீட்டுவதும் கூடாது.

வருகிறவர்க்கும் புறப்படுகிறவர்க்கும் ‘பாய்ஸீ’ சடங்கு செய்வது உண்டு. உடலில் 32 உயிர்க்கூறுகள் உறைகின்றன என்றும், பயணத்திலும் நோயிலும் அவை விலகி அலையக்கூடும் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். வாழையிலையைக் கூம்பாக மடித்துப் பூவால் அலங்கரித்து வைத்து, ஊர்ப் பெரியவர் அந்த உயிர்க்கூறுகளைத் திரும்ப அழைத்து ஓதுவார். பிறகு எல்லோரும் வாழ்த்தியபடியே மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். மூன்று நாளாவது அந்த நூலை அவிழ்க்காமல் இருப்பது மரியாதை.

இறுதியாக ஒரு சட்ட விவரம். தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி, வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கடவுச்சீட்டின் நகலை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் படிவத்தில் வீட்டுக்காரராகக் கையெழுத்திட்டவர் மூதாட்டிதான். மருமகன் அவரை மோட்டார் சைக்கிளில் அழைத்துச் சென்று வந்தார்.