ஒரே இடுப்புப் பட்டையில் மூன்று சட்டங்கள்

அமெரிக்க நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்டினியூவஸ் மைனர் (நிலக்கரியை இடைவிடாமல் வெட்டியெடுக்கும் பெரிய மெஷின்) ஓட்டும் ஆபரேட்டரின் இடுப்புப் பட்டையில் இடமே இருக்காது. கேப் லாம்ப் பேட்டரி, செல்ஃப் ரெஸ்க்யூவர் (ஆபத்தில் சுவாசிக்க உதவும் கருவி), மீத்தேன் மீட்டர், ரேடியோ, தூசி மானி, ஆள் அருகில் இருப்பதை மெஷினுக்குச் சொல்லும் ப்ராக்ஸிமிட்டி கருவி எல்லாம் தொங்கும். போதாததற்கு மெஷினை இயக்கும் ரிமோட் நெஞ்சில். இவற்றில் மூன்று, 2006 முதல் மூன்று வெவ்வேறு சட்டங்களால் வந்தவை. தொழில்நுட்பத்துக்குச் சட்டம் ஈடுகொடுக்கிறதா என்ற கேள்விக்கு, அந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதில்தான் விடை கிடைக்கும்.

முதலாவது தகவல் தொடர்பு. 2006 ஜனவரி 2 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சாகோ சுரங்கத்தில் வெடிப்பு நடந்து 12 பேர் இறந்தார்கள். உள்ளே சிக்கியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு ஜூனில் நிறைவேறிய, சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்புக்கான மைனர் (MINER) சட்டம், கம்பியில்லாத் தொடர்புக்கும் ஆள் இருக்குமிடம் அறியும் வசதிக்கும் மூன்று ஆண்டு கெடு வைத்தது.

இரண்டாவது தூசி. 1969 நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்திலிருந்து தூசியை அளந்த முறை இது: பம்ப் காற்றை இழுக்கும், சைக்ளோன் என்ற சுழல் பிரிப்பான் பெரிய துகளைத் தள்ளிவிடும், நுண்தூசி ஃபில்டரில் படியும், ஃபில்டர் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு திரும்பி வருவதற்குள் அந்தத் தூசியைத் தொழிலாளி சுவாசித்து முடித்திருப்பார். 2014 மே மாதம் வெளியான விதி இதை மாற்றியது. 2016 பிப்ரவரி 1 முதல் தொடர் தூசி மானி கட்டாயம். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் வரம்பு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 2.0 மில்லிகிராமிலிருந்து 1.5 ஆனது. இந்த மானியின் உள்ளே நுனியில் ஃபில்டர் பொருத்திய ஒரு மெல்லிய குழல் அதிர்ந்துகொண்டே இருக்கும். தூசி படியப் படிய எடை கூடி அதிர்வெண் குறையும். அந்தக் குறைவிலிருந்து எடையைக் கணக்கிட்டு, ஷிஃப்ட் நடக்கும்போதே திரையில் காட்டும். ஈரம் எடையைக் கெடுக்காமலிருக்க உள்ளே ஹீட்டர் உண்டு. ஆக, பம்ப், ஹீட்டர், மின்னணுச் சுற்று எல்லாம் ஒரு பெட்டிக்குள் ஓடுகின்றன. இது பின்னால் முக்கியமாகும்.

மூன்றாவது, நசுங்கி இறப்பதைத் தடுக்கும் ப்ராக்ஸிமிட்டி சிஸ்டம். கன்டினியூவஸ் மைனர் சுமார் 50 டன் இரும்பு. வெட்டும் முனையும் பின்னால் இழுபடும் கேபிளும் கண்ணில் பட வேண்டுமென்று ஆபரேட்டர் பக்கத்திலேயே நிற்பார். ஒரு முகப்பில் (நிலக்கரி வெட்டும் இடத்தில்) வெட்டி முடித்து அடுத்ததற்கு மெஷினை நகர்த்தும்போது அது திரும்பினால், வால்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். மெஷினுக்கும் நிலக்கரிச் சுவருக்கும் நடுவே ஆள் மாட்டுவது அங்கேதான்.

2015 ஜனவரி விதிப்படி மெஷின் ஆள் மேல் படுவதற்குள் நின்றுவிட வேண்டும். மெஷின் நிற்பதற்கு முன்பே எச்சரிக்கை வர வேண்டும், அதுவும் அணிந்திருக்கும் கருவியில் ஒலியும் ஒளியுமாக, மெஷினில் ஒளியாக. 2015 மார்ச் 16க்குப் பிறகு தயாரான மெஷின்களுக்கு அந்த ஆண்டு நவம்பர் 16 கெடு. இந்தச் சிஸ்டம் இல்லாத பழைய மெஷின்களுக்கு 2018 மார்ச் 16 வரை அவகாசம் தரப்பட்டது.

மெஷினில் பொருத்திய ஜெனரேட்டர்கள் குறைந்த அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை எழுப்பும். தூரம் கூடினால் புலம் மிக வேகமாகத் தேயும். தூரம் இரட்டித்தால் வலிமை ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். அணிந்திருக்கும் கருவி அந்த வலிமையை அளந்து ரேடியோ வழியாக மெஷினுக்குச் சொல்லும். மெஷின் அதைத் தூரமாகப் புரிந்துகொள்ளும். ஆகவே இங்கே எல்லாமே அந்த ஒரு அளவீட்டை நம்பித்தான் இருக்கிறது.

அதைக் கெடுக்கச் சுரங்கத்தில் ஏராளமான பொருள்கள் உண்டு. காந்தப்புலம் மெஷினின் பின்னால் இழுபடும் டிரெய்லிங் கேபிளில் தொற்றி அதன் வழியே ஓடும். மெஷினிலிருந்து வெகுதூரத்தில் கேபிள் பக்கம் நிற்பவரைக்கூட அருகில் இருப்பதாகக் காட்டி மெஷினை நிறுத்திவிடும். சுவரில் அடித்த இரும்பு வலை புலத்தின் வடிவத்தையே மாற்றும். வீண் நிறுத்தங்கள் கூடினால் ஆட்கள் சலித்துப்போய் கருவியைக் கழற்றி வைக்கத் தொடங்குவார்கள். எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது, ஏனென்றால் கழற்றி வைத்த கருவிக்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது மெஷினுக்குத் தெரியாது.

இனி தூசி மானிக்கு வருவோம். அதன் மின்காந்த இரைச்சல், பக்கத்தில் மாட்டிய ப்ராக்ஸிமிட்டி கருவியின் காதை அடைத்துவிடும். எச்சரிக்கை வளையம் சுருங்கும். மோசமானால் அங்கே ஆள் இருப்பதே மெஷினுக்குத் தெரியாமல் போகும். நுரையீரலைக் காக்கும் கருவி உடலைக் காக்கும் கருவியை மழுங்கடித்தது. இரண்டு விதிகளின் கெடுவும் மூன்று மாத இடைவெளிக்குள் வந்தவை. ப்ராக்ஸிமிட்டி விதியில் குறுக்கீடு வராதபடி நிறுவ வேண்டும் என்ற வாசகம் உண்டு. ஆனால் ஆபரேட்டரின் பட்டையில் எது எதற்குப் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதை நியோஷ் (அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்ச்சியாளர்களின் சோதனைகளும் அதன் பிறகு வந்த அறிவுறுத்தல்களும்தான் சொல்லவேண்டியிருந்தது.

தீர்வு எளிது: தூசி மானி ஒரு இடுப்பில், ப்ராக்ஸிமிட்டி கருவி எதிர் இடுப்பில். சில அங்குல இடைவெளியிலேயே இரைச்சல் வெகுவாகத் தணிந்துவிடும். கடினமானது எதுவென்றால், குனிந்தும் தவழ்ந்தும் வேலை செய்யும் எட்டு, பத்து மணி நேரமும் அந்த இடைவெளி அப்படியே இருப்பது. பட்டை நழுவும், பை சுழலும்.

அதனால் ஷிஃப்ட் தொடக்கச் சோதனையைச் செய்யும் விதத்திலேயே கவனம் வேண்டும். கருவியை மட்டும் கையில் நீட்டிப் பிடித்து வளையத்தைச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் அணிந்து, தூசி மானியை ஓடவிட்டு, ரேடியோவை ஆன் செய்து, மெஷினின் நான்கு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். எச்சரிக்கை எங்கே வருகிறது, மெஷின் எங்கே நிற்கிறது என்று டேப் வைத்து அளக்க வேண்டும். பிறகு குனிந்து, பட்டை நகர்ந்த நிலையில் மறுபடியும். புதிய மாடல் ரேடியோவோ கேப் லாம்போ வந்தாலும் இதே சோதனை முதலிலிருந்து நடக்க வேண்டும்.

நிலக்கரி அள்ளும் ஸ்கூப் உள்ளிட்ட மற்ற வண்டிகளுக்கும் இதே சிஸ்டத்தைக் கட்டாயமாக்கும் வரைவு 2015 செப்டம்பரிலேயே வந்தது. ஆண்டுகள் கடந்தும் அது இறுதி வடிவம் பெறவில்லை. என் பார்வையில் அந்த விதி வரத்தான் வேண்டும். வரும்போது தனிக் கருவிக்கான சோதனையோடு நிற்காமல், முழுப் பட்டையோடு செய்யும் சோதனையையும் அதில் எழுதிவிட வேண்டும்.