பனி என்றால் காய்ச்சல்

எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்தது புனலூரில். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மலையைத் தாண்டினால் ஐம்பது கிலோமீட்டர் வரும், அவ்வளவுதான், ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு சொல் தலைகீழாகிவிடும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு முறை அங்கே போயிருந்தோம். அத்தை மகன் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். "அவனுக்குப் பனியாக்கும்" என்றாள் அத்தை. நான் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தேன். மழைதான் கொட்டிக்கொண்டிருந்தது, பனியைக் காணோம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று அம்மா அப்புறம்தான் சொன்னாள். மழை வந்தால் பனி வரும் என்பது அத்தை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பல வருஷம் கழித்து அதையே ஆய்வுக் கட்டுரைகளில் சுற்றி வளைத்து எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது.

2016 பிப்ரவரியில் மெல்பர்ன் வந்து இறங்கினேன், ஓர் ஆய்வுக்கூடத்தில் இன்ஃப்ளுயன்சா வேலைக்கு. பிப்ரவரி இங்கே கோடை. அம்மா பெட்டி நிறைய ஸ்வெட்டராகத் திணித்து அனுப்பியிருந்தாள், வெளியே தென்காசி வெயில் மாதிரி காய்ந்தது. அந்த வெயிலை நம்பித்தான் நான் ஏமாந்தேன். வாடகை வீடு பார்த்தபோது ஹீட்டர் ஓடுகிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஏப்ரலில் வேலையிடத்தில் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி போட்டார்கள். எனக்கு அன்றைக்கு வேறு இடத்தில் பயிற்சி. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், அப்புறம் அதற்கும் அடுத்த வாரம். ஜூன் மாதம் ஓடாத ஹீட்டருக்குக் கீழே 39 டிகிரி காய்ச்சலோடு படுத்துக் கிடந்தேன். ஃப்ளூ ஆராய்ச்சிக்கு விசா வாங்கி வந்தவளுக்கு வந்தது ஃப்ளூதான்.

பக்கத்துக் கிளினிக்கில் நர்ஸ் ஒரு மலையாளி. என் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்துவிட்டு "பனி உண்டோ?" என்றார். நாலு மாதமாகப் பேசுகிற எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்த எனக்கு அந்த ஒரு கேள்விக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. டாக்டர் மூக்குக்குள் குச்சியை விட்டு ஸ்வாப் எடுத்தார், இந்த வருஷம் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார், இல்லை என்றேன். அவர் ஃப்ளூ கண்காணிப்புத் திட்டத்துக்கு மாதிரி அனுப்புகிற டாக்டர் என்று அங்கே ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெயர் ஊர் எல்லாம் நீக்கித்தான் எங்களுக்குத் தகவல் வரும், அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த வருஷத்து அட்டவணையில் 'பாசிட்டிவ், ஊசி போடாதவர்' என்ற வரிகளில் ஒன்று அநேகமாக நான்தான்.

அந்த அட்டவணையை வைத்து என்ன செய்கிறோம் என்று ஊரில் யார் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வேன். ஊசி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு வருஷமும் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வைரஸும் மாறுகிறது, ஊசியும் மாறுகிறது. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் தப்பாகிவிடும். ஊசி போட்டுக்கொள்கிற ஆள் பெரும்பாலும் தும்மலுக்கே டாக்டரிடம் ஓடுகிற ஆள். அதனால் டாக்டரிடம் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எல்லோருக்கும் காய்ச்சல், இருமல், எல்லோருக்கும் ஸ்வாப். சிலருக்கு ஃப்ளூ இருக்கும், மற்றவர்களுக்கு வேறு ஏதோ கிருமி. ஒரு பேச்சுக்கு, ஃப்ளூ இருந்த 100 பேரில் 30 பேர் ஊசி போட்டவர்கள், ஃப்ளூ இல்லாத 100 பேரில் 46 பேர் ஊசி போட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதை எழுபதால் வகுத்து, நாற்பத்தாறை ஐம்பத்து நாலால் வகுத்து, முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் பாதி வரும். ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் பயன்திறன் 50 சதவீதம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டனூட்டா ஸ்கோவ்ரோன்ஸ்கியின் குழு 2004-05 ஃப்ளூ காலத்தில் இந்த முறையைக் கையாண்டது, இன்றைக்கு உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. ஃப்ளூ இல்லை என்று ரிசல்ட் வந்தவர்தான் இந்தக் கணக்கின் முதுகெலும்பு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

முதல் ஒரு வருஷம் கணக்கு இல்லை, ஆய்வுக்கூடம். கருவுற்ற கோழிமுட்டையில் வைரஸ் வளர்ப்பது. பத்து நாள் அடைகாத்த முட்டையை இருட்டில் விளக்கு முன்னால் பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும், குஞ்சு லேசாக அசையும். முதல் நாள் என்னை ஆச்சரியப்படுத்தப் போவதாக நினைத்துக் காட்டினார்கள். எங்கள் ஆச்சி அடை வைத்த ஏழாம் நாள் டார்ச் விளக்கை அடித்து இதைத்தான் பார்ப்பாள், கருக்கூடாத முட்டையைத் தனியே எடுத்து வைப்பாள். "இது கூமுட்டை" என்று ஒன்றைத் தமிழிலேயே சொல்லி ஒதுக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் அது ஏதோ கலைச்சொல் என்று நினைத்திருக்கலாம். முட்டையில் ஃப்ளூ வைரஸை வளர்க்கும் வித்தையைத் தேற்றியதில் பெரும்பங்கு இதே மெல்பர்னில் இருந்த மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கு உண்டு, 1930-களிலும் நாற்பதுகளிலும். 1960-இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேறு ஆராய்ச்சிக்காக.

அப்புறம் இரத்தச் செல் சோதனை. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிக்குக் குழி நீர்த்துக்கொண்டே போகும் எதிர்ப்புப் பொருளோடு வைரஸைச் சேர்த்து, அதன் மேல் வான்கோழியின் சிவப்பணுக்களை விடுவோம். எதிர்ப்புப் பொருள் வைரஸைக் கட்டிப்போட்டுவிட்டால் சிவப்பணுக்கள் குழியின் அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டு மாதிரி உட்காரும். தட்டைச் சாய்த்தால் பொட்டு வியர்வையில் வழிவது போல ஒரு கோடாக இறங்கும். வைரஸ் தப்பித்துவிட்டால் பொட்டு விழாது, குழி முழுக்க மங்கலாகப் பரவி நிற்கும். எத்தனையாவது குழி வரைக்கும் பொட்டு இருக்கிறது என்று எண்ண வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், அடுத்த ஊசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று உலக சுகாதார அமைப்பு முடிவு செய்கிறது. அதற்குப் பின்னால் இப்படிப் பொட்டு எண்ணிய கண்கள் நிறைய இருக்கின்றன. ஊசி தயாராக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வைரஸ் சும்மாவா இருக்கும்?

2017-இல் சும்மா இருக்கவில்லை. நான் எண்கள் பக்கம் வந்த வருஷம் அது, ஆஸ்திரேலியாவுக்கு மோசமான ஃப்ளூ காலம். செப்டம்பர் வரைக்குமான இடைக்காலக் கணக்கு வெளியானபோது மொத்தப் பயன்திறன் 33 சதவீதம், எச்3என்2 என்கிற ஃப்ளூ வகைக்கு எதிராக வெறும் 10. முட்டையில் வளரும்போது எச்3என்2 முட்டைக்கு ஏற்ற மாதிரி தன் முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது, அந்த மாறின முகத்தை உடம்புக்குப் பழக்கினால் வெளியே திரிகிற அசல் முகத்தை அடையாளம் தெரியாமல் போகலாம். அடுத்த வருஷமே 65 வயது தாண்டியவர்களுக்கென்று வீரியம் கூட்டிய ஊசிகளை இங்கே இலவசமாகக் கொண்டுவந்தார்கள்.

அம்மாவுக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. "பத்து பெர்சென்ட்னா நூறு பேருக்குப் போட்டா தொண்ணூறு பேருக்குக் காய்ச்சல் வந்துருமாட்டி?" என்று போனில் கேட்டாள். இதே கேள்வியைப் படித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். இல்லை என்றேன். ஊசி போடாத நூறு பேரில் பத்துப் பேருக்கு வருகிறது என்றால், 50 சதவீத ஊசி அதை ஐந்தாக்கும், 10 சதவீத ஊசி ஒன்பதாக்கும். மற்றவர்களுக்கு எப்படியும் வராது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒம்பதுக்கும் பத்துக்கும் என்னட்டி வித்தியாசம், இதுக்கா அம்புட்டு தூரம் போன?" என்றாள். அதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

இந்த ஊரில் எனக்குத் தமிழ் கிடைத்தது டான்டினாங் பக்கம், பலசரக்குக் கடையில். இலங்கைத் தமிழர்கள் நடத்துகிற கடை. மூக்கு அடைத்த குரலில் பேசியதைக் கேட்டு அங்கிருந்த அக்கா "தடிமனோ பிள்ளை?" என்றார். எங்கள் பக்கம் தடுமம் என்போம். சென்னையில் படித்த காலத்தில் இந்தச் சொல்லுக்காக என்னைக் கேலி செய்திருக்கிறார்கள், ஜலதோஷம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கடல் தாண்டி வந்த இடத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் ரயிலேறி அந்தக் கடைக்குத்தான் போகிறேன், பக்கத்திலேயே வேறு கடை இருந்தும்.

2020 பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மார்ச்சில் நாட்டு எல்லையை மூடினார்கள். ஆகஸ்டில் மெல்பர்னில் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது. அந்த மாதம் ஆச்சி போய்விட்டாள். வாட்ஸ்அப்பில் பார்த்தேன், புனலூர் அத்தையையும் எல்லைச் சோதனைச்சாவடி தாண்டி நேரத்துக்கு வரவிடவில்லை, ஐம்பது கிலோமீட்டரும் ஒன்பதாயிரம் கிலோமீட்டரும் அன்றைக்கு ஒன்றாகத்தான் இருந்தன. வேலையில் என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. ஸ்வாப்புகள் வந்துகொண்டே இருந்தன, ஃப்ளூ மட்டும் இல்லை. பாசிட்டிவ் இல்லாமல் பயன்திறன் எப்படிக் கணக்குப் போடுவது? அந்தக் குளிர்காலத்துக்கு எங்களிடம் எண்ணே கிடையாது. ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகாதா என்றொரு கிளை இருந்தது, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கேயும் அது உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. இனி ஊசியில் அது வேண்டாம் என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது.

2024 ஏப்ரல் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருவனந்தபுரத்தில் இறங்கி, போகிற வழியில் புனலூரில் அத்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை போனேன். அந்த மாதம்தான் ஆலப்புழை பக்கம் எடத்துவாவிலும் செறுதனாவிலும் வாத்துகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்திருந்தது. புளியரையில் கேரள வண்டிகளை நிறுத்திச் சக்கரத்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் டேங்க் கட்டிய பையன் ஒருவன் டிக்கியைத் திறக்கச் சொன்னான். அத்தையின் கட்டைப்பையில் வைக்கோல் சுற்றிய தாரா முட்டை, அதாவது வாத்து முட்டை, பன்னிரண்டு. நான் பறவைக் காய்ச்சலைப் பற்றி மேடையேறிப் பேசியவள். "எங்க அண்ணிக்குப் பிடிக்குமேன்னு எடுத்தேன் தம்பி" என்றாள் அத்தை. தம்பி முட்டைகளை வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டு, சிரிக்காமல், "பட்சிப்பனி ஆச்சி, தெரியாதா?" என்றான். தமிழ்நாட்டுப் பக்கம் நின்றுகொண்டு அவனும் பனி என்றுதான் சொன்னான்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்று. அந்தப் பயணத்தில் எப்படியாவது ஊசி போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வரைபடத்தில் இந்தியா வடகோளம், ஃப்ளூ குளிர்காலத்து நோய் என்பார்கள். ஆனால் இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் அது தென்மேற்குப் பருவமழையோடு வருகிறது, சென்னைப் பக்கம் வடகிழக்கு மழையோடு அக்டோபர், நவம்பரில், காஷ்மீரில்தான் குளிரோடு. ஒரே நாட்டுக்கு ஒரே மாதத்தில் ஊசி என்றால் யாருக்காவது பிந்திப்போகும். எங்கள் ஊர் மலை இடைவெளியில் இருக்கிறது, ஜூனில் சாரல், ஐப்பசியில் அடைமழை, இரண்டும் உண்டு. என்னைக் கேட்டால் சாரல் தொடங்குவதற்கு முன்னால், மெல்பர்ன்காரர்கள் போடுகிற அதே ஏப்ரல், மே மாதத்தில், போட்டுவிடுவதுதான் சரி.

"அப்ப இது உங்க ஊர் ஊசியா, நம்ம ஊர் ஊசியா?" என்றாள் அம்மா, கையை நீட்டிக்கொண்டே.

ஜூலையில் போன் வந்தது. மூக்கு அடைத்த குரல். "ஊசி போட்டும் தடுமம் பிடிச்சிட்டுட்டி." அது வேறு கிருமியாக இருக்கலாம், ஊசி ஃப்ளூவுக்கு மட்டும்தான், ஸ்வாப் எடுத்தால்தான் தெரியும் என்று நான் ஆரம்பித்தேன். அம்மா இடைமறித்தாள்.

"நீ கணக்குப் போடுவல்லா, அதுல நான் எந்தப் பக்கம்?"

"டாக்டர்ட்ட போயி டெஸ்ட் எடுத்தாத்தான்மா கணக்குலயே வருவ."

"சரி, அப்ப நான் வரல. அடுப்புல மிளகு ரசம் கொதிக்கி, வைக்கட்டா?"