விலாவில் டியூப், கட்டிலுக்கடியில் பாட்டில்: என் ஒன்பது நாள்

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறேன். போன வருடம் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் நிறைய இருந்ததால் காய்ச்சலையும் இருமலையும் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டேன். பத்தாம் நாள் மூச்சை இழுத்தாலே வலது விலாவில் சுருக்கென்று குத்தியது, மாடிப்படி நாலு ஏற முடியவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தது. நிமோனியா முற்றி நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கிறது, டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். திருப்பத்தூர், மேலூர் தாண்டிப் போகிற வழியெல்லாம் நெஞ்சைக் கிழிக்கப் போகிறார்கள் என்றே நினைத்து அழுதுகொண்டிருந்தேன். என்ன செய்வார்கள் என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமலேயே அதைச் சொல்லிவிடுங்கள். ஊசி மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள். என்னைக் கட்டிலில் பாதி சாய்த்து உட்கார வைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். ஸ்கேன் கருவியால் இடத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அக்குளுக்குச் சற்றுக் கீழே இரண்டு விலாவுக்கு நடுவில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அந்த ஊசி சில விநாடி நன்றாக எரியும். அதற்குப் பிறகு கத்தி பட்டது எனக்குத் தெரியவில்லை, ஆனால் டியூப் உள்ளே போகும்போது ஒரு ஆள் முழு பலத்தோடு விலாவில் அழுத்துவது போல இருந்தது. அழுத்தம் இருக்கும், கூரான வலி இருக்கக் கூடாது, இருந்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் ஒரு தடவை சொன்னேன், நிறுத்திப் போட்டார். தையல், பிளாஸ்திரி எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்குள் முடிந்தது.

அன்றைக்கே 700 மில்லி வந்தது. நீர் அதிகம் சேர்ந்தவர்களுக்கு ஒரேயடியாக ஒன்றரை லிட்டருக்கு மேல் இறக்க மாட்டார்களாம், அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வடியும்போது கொஞ்சம் இருமல் வரும். நெஞ்சு இறுக்கமாகி இருமல் நிற்காமல் வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

இனி அந்தப் பாட்டில். எல்லோரும் பார்த்துப் பயப்படுவதும் சரியாகப் புரிந்துகொள்ளாததும் அதைத்தான். பாட்டிலில் தண்ணீர் இருக்கும், டியூபின் முனை அந்தத் தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. முங்கியிருக்கும், உள்ளேயிருந்து சீழும் காற்றும் வெளியே வரலாம், வெளிக்காற்று திரும்ப நெஞ்சுக்குள் போகாமல் அந்தத் தண்ணீர் தடுத்து நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. நாம் மூச்சு விடவிட டியூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கும். அது நல்லது. திடீரென்று ஆட்டம் நின்றால் நுரையீரல் முழுக்க விரிந்திருக்கலாம், டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கலாம், எது என்று அவர்கள் பார்க்கட்டும், நீங்கள் சொன்னால் போதும். குமிழி வந்தால் காற்று வெளியேறுகிறது என்று பொருள். பயத்தில் டியூபை மடக்கிப் பிடிக்கவே கூடாது, காற்று உள்ளேயே தங்கி நுரையீரலை அமுக்கிவிடும்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனபோது தள்ளுவண்டி தள்ளியவர் பாட்டிலைத் தூக்கி என் வயிற்றுமேல் வைத்துவிட்டார். எதிர்க்கட்டில் ஆச்சி பார்த்துவிட்டு, “தம்பி, அதைக் கீழே இறக்குப்பா, தண்ணி உள்ளே போயிரும்” என்று சத்தம் போட்டார்கள். அவர்கள் மகனுக்கு அதற்கு முன்பு டியூப் போட்டிருந்ததால் தெரிந்திருந்தது. அதிலிருந்து யார் தொட்டாலும் நானே சொல்லிவிடுவேன். பாட்டில் சாய்ந்தால் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். பாட்டிலிலிருந்து டியூப் கழன்றால் முனையை நெஞ்சுக்குக் கீழே சுத்தமான தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள். நெஞ்சிலிருந்தே பிடுங்கி வந்துவிட்டால் அந்த இடத்தைச் சுத்தமான துணியால் பொத்திக்கொண்டு சத்தம் போடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு அசையாமல் கிடந்தது. வலிக்குமே என்று மூன்று நாள் மேல்மூச்சாகவே விட்டேன், இருமலை அடக்கினேன், வலது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தேன். வலி மாத்திரை கேட்கவும் கூச்சமாக இருந்தது. நாலாம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “நீங்க மூச்சை நல்லா இழுத்து இருமுனாத்தான்மா இது வடியும், வலிக்கு மருந்து தர்றதே அதுக்குத்தான்” என்றார். அப்புறம் வேளை தவறாமல் மருந்து வாங்கிக்கொண்டேன். தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி பாதிதான். மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை ஒரு மணிக்கு ஒரு தடவை இழுத்தேன், பாட்டிலைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். கையைத்தான் விட்டுவிட்டேன், தோள் இறுகிவிட்டது. முதல் நாளிலிருந்தே கையை மெல்ல மேலே தூக்கி இறக்குங்கள்.

சாப்பாட்டு விஷயமும் உண்டு. முட்டை சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று சின்னத்தா சொன்னதைக் கேட்டு முட்டையை ஒதுக்கினேன். சீழோடு உடம்பின் புரதமும் சேர்ந்து போகிறது, இப்போதுதான் முட்டை, பருப்பு, மீன் எல்லாம் வேண்டும் என்று டாக்டர் கண்டித்தார்.

சீழை எடுத்த அன்றே காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள், எனக்கு இல்லை என்று வந்தது. உங்களுக்கும் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டு, அறிக்கையை வாங்கி வையுங்கள். சீழ் கெட்டியாகி அறை அறையாகப் பிரிந்திருந்தால் டியூப் மட்டும் போதாது, உள்ளே மருந்து செலுத்துவதோ சிறு துளை வழியாக அறுவை செய்வதோ தேவைப்படும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

ஒன்பதாம் நாள் டியூபை எடுத்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் வடிந்தது மிகக் குறைவு, எக்ஸ்ரேயும் நன்றாக இருந்தது. மூச்சை இழுத்து அடக்கச் சொல்லிவிட்டு ஒரே இழுப்பு, இரண்டு விநாடி, தையலை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். எடுக்கும்முன் வலி மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நான் கேட்டேன். பிறகு இன்னொரு எக்ஸ்ரே, ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு. வீட்டுக்கு வந்தபின் திடீர் மூச்சுத்திணறல், திரும்பக் காய்ச்சல், புண்ணில் சீழ், அல்லது நெஞ்சுத் தோலை அழுத்தினால் தேன்குழல் நொறுங்குவது போல நறநறப்பு, இதில் எது வந்தாலும் உடனே திரும்பிப் போக வேண்டும். நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசிந்து டியூப் போட்டவர்கள் சிங்கப்பூர், மலேசியா என்று விமானம் ஏறும்முன் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் கேட்டாக வேண்டும்.

தேன்குழல் உழக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிய எனக்கு ஏழு வாரம் ஆனது. அதுவரை மாவு பிசைவதை என் மகள் பார்த்துக்கொண்டாள். தழும்பைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு இன்னும் மரத்த மாதிரிதான் இருக்கிறது, விலாவுக்கு அடியில் ஓடும் நரம்பு அது, சரியாக மாதக்கணக்கு ஆகலாம் என்றார் டாக்டர். மூன்று பந்தில் மூன்றாவது பந்து போன வாரம்தான் முதல்முறை மேலே போய் நின்றது.