பெயரில் 'டிரஸ்ட்' கேட்பவர்களுக்கு

நிதித் தொழிலுக்குக் கம்பெனி தொடங்க வருபவர்கள் விரும்பிக் கேட்கும் சொற்கள் மூன்று: பேங்க், நிதி, டிரஸ்ட். பணம் கொடுப்பவர் வேறு எதையும் விசாரிக்காமல் கையெழுத்துப் போட வைக்கும் சொற்கள் இவை. சட்டம் இவற்றைக் காவல் காப்பதும் அதனால்தான்.

பேங்க் விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 7, வங்கியல்லாத கம்பெனியையும் கூட்டாளி நிறுவனத்தையும் தனிநபரையும் சேர்த்தே தடுக்கிறது.

'நிதி' தமிழில் சாதாரணச் சொல் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனிச் சட்டத்தில் அது தனி வகை. 2022 திருத்தத்துக்குப் பிறகு, பதிவான 120 நாட்களுக்குள் குறைந்தது 200 உறுப்பினர்களும் 20 லட்சம் ரூபாய் நிகரச் சொந்த நிதியும் காட்டி, 'நிதி' என்று அறிவிக்கக் கோரும் என்.டி.எச்.-4 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். டெபாசிட்டும் கடனும் உறுப்பினர்களோடு மட்டும்தான்.

டிரஸ்டில்தான் குழப்பம் அதிகம். கம்பெனிப் பதிவு விதிகளின்படி, வேறொரு சட்ட வடிவத்தைக் குறிக்கும் சொல் கம்பெனிப் பெயரில் வரக்கூடாது. கூட்டுறவு, சொசைட்டி, எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்ற வரிசையில் டிரஸ்டும் இருக்கிறது. கம்பெனிப் பதிவுக்கான ஆன்லைன் படிவமான ஸ்பைஸ் பிளஸின் முதல் பகுதியில் 1,000 ரூபாய்க்கு இரண்டு பெயர்கள் தரலாம்; திருப்பி அனுப்பினால் ஒருமுறை திருத்தலாம். அந்த வாய்ப்பையும் 'டிரஸ்ட்' முன்னால் ஒட்டுச்சொல் சேர்த்து வீணாக்குபவர்கள் உண்டு. பெயர் கிடைத்தாலும் 20 நாட்களுக்குள் பதிவை முடிக்க வேண்டும், அல்லது கட்டணம் கட்டி நீட்டிக்க வேண்டும். தவறான தகவல் தந்து வாங்கிய பெயர் என்று தெரிந்தால், கம்பெனி பதிவான பிறகும் மாற்றச் சொல்லலாம், கம்பெனியையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

மியூச்சுவல் ஃபண்டுகளின் அறங்காவலர் கம்பெனிகள் 'டிரஸ்டி' என்று வைத்திருக்கின்றனவே என்று கேட்பார்கள். அவை பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிகளுக்குள் இயங்குபவை.

எங்களை உண்மையில் கவலைப்பட வைப்பது எதிர்த்திசை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவாகிறது. 12ஏபி, 80ஜி சான்றிதழ்கள் சுவரில் ஏறுகின்றன. பிறகு வட்டிக்கு டெபாசிட் வாங்கத் தொடங்குகிறார்கள். அந்தச் சான்றிதழ்கள் வருமான வரிக்கானவை, பணம் திரட்டும் அனுமதி அல்ல. ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 சட்டத்தில், அப்படிப்பட்ட டெபாசிட்டுக்கு ஆள் பிடித்தாலே 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தையும் முடக்கலாம்.

பெயர் ஒப்புதலோடு வேலை முடிவதில்லை. பெயர்ப்பலகை, லெட்டர்ஹெட், ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப் நான்கையும் அச்சுக்குப் போகும் முன் பார்த்துவிட வேண்டும். 'பிரைவேட் லிமிடெட்' பலகையில் இடமில்லை என்று விடுபட்டிருக்கும், லெட்டர்ஹெட்டில் சி.ஐ.என். (கம்பெனி அடையாள எண்) இருக்காது. கம்பெனிச் சட்டம், பிரிவு 12இன்படி இதற்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு லட்சம் வரை அபராதம். பலகை எழுதுபவருக்குப் பெயரை வாய்மொழியாகச் சொல்லாமல், பதிவுச் சான்றிதழின் நகலையே கொடுத்துவிடுங்கள்.