விரல் மடங்காத நாளில் என்ன சமைப்பது

ஜனவரி 12, 2025, ஞாயிறு

காலையில் விரல் மடங்கவில்லை. எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் டம்ளரைப் பிடிக்க முடிந்தது. முடக்குவாதம் என்று தெரிந்து ஆறு வருஷம் ஆகிறது. காலை நேர இறுக்கம் பழகிவிட்டது, எடைதான் பழகவில்லை. நேற்று துணை சுகாதார நிலையத்தில் ஏறி நின்றேன். 78.4 கிலோ. நோய் வருவதற்கு முன் 63.

ஸ்டீராய்டு மாத்திரை தினம் 10 மில்லிகிராம். சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி பசிக்க வைக்கும் மாத்திரை. அதை நாமாக நிறுத்தவும் கூடாது, உடம்பு தாங்காது, டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். போன தடவை தஞ்சாவூருக்கு மாத்திரை வாங்கப் போனபோது டாக்டர் சொன்னார்: "ஒரு கிலோ குறைச்சா, ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும்மா." அந்தக் கணக்கு மனசில் உட்கார்ந்துவிட்டது.

தையலில் வரும் காசில் சாப்பாட்டுக்கு வாரம் 700 ரூபாய் ஒதுக்க முடியும். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் இந்த வீட்டுக்கு வராது. ரேஷன் புழுங்கலரிசியை வைத்துக்கொண்டுதான் எடையைக் குறைத்தாக வேண்டும். தினமும் எழுத முடியாது, கை விடும்போது எழுதுகிறேன்.

ஜனவரி 13, திங்கள்

ஞாயிறு இரவு மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மாத்திரை போடும் நாள், வாரத்துக்கு ஒரே தடவை. மறுநாள் குமட்டும். இன்று ரசம் சாதம், சுட்ட அப்பளம், அவ்வளவுதான். திங்கட்கிழமைகளில் கணக்குப் பார்ப்பதில்லை.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி. அத்தைக்குக் கோபம். "நல்ல நாளும் அதுவுமா இப்படியா அளந்து வெச்சுக்கறது?" என்றார். இன்னொரு அரைக் கரண்டி போட்டுக்கொண்டேன். நெய் மணத்தது, நன்றாக இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

எண்ணெய்க் கணக்கு எடுத்தேன். ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், அதற்கு மேல் கடையில் இரண்டு லிட்டர். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர்! ஒரு லிட்டர் எண்ணெயில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. குழம்புக்கும் பொரியலுக்கும் தூக்குப் பாத்திரத்திலிருந்து சாய்த்துச் சாய்த்து ஊற்றியதில் எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும். இனி பழைய மாத்திரைப் பாட்டில் மூடியால்தான் ஊற்றுவது என்று வைத்திருக்கிறேன். கடையில் ஒரு லிட்டர் வாங்கினால் போதும். மிச்சமாகும் காசுக்கு முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, மதியம் ஒன்று சாப்பிட்டால் நாலு மணிக்கு ரஸ்க் டப்பா பக்கம் கை போவதில்லை.

அரிசி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்கா மாப்பிள்ளைச் சம்பா சாப்பிடச் சொல்கிறார், எடை குறையுமாம். நல்ல அரிசிதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் எந்த அரிசியானாலும் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. ஆழாக்கு நிறையப் போட்டு வடித்தால் எல்லாம் ஒன்றுதான். ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறது, மாப்பிள்ளைச் சம்பா விலை கட்டாது. வேளைக்கு அரை ஆழாக்கு அரிசிச் சோறு என்று நிறுத்திவிட்டேன். தட்டில் முதலில் கூட்டையும் கீரையையும் போட்டுக்கொண்டு, மீதி இடத்தில்தான் சோறு.

ஜனவரி 30, வியாழன்

மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள், குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) குத்தகை நிலத்தில் சம்பா அறுப்பு முடிந்தது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, இவர் பச்சைப்பயறு தெளித்துவிட்டார். தாளுக்கு நடுவில் இரண்டிலைப் பயிர் தெரிகிறது.

இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பணம் குறைவாக இருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கீரை சாப்பிடு, வாழைத்தண்டு சாப்பிடு, வாழைப்பூ சாப்பிடு. கொல்லையிலேயே இருக்கிறது, காசே இல்லை. உண்மைதான். ஆனால் வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகப் பிரித்துக் கள்ளன் என்கிற நடு நரம்பை எடுக்க வேண்டும். தண்டை நறுக்கும்போது வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். கீரையை ஆய வேண்டும். காசு குறைவான சாப்பாடு எல்லாமே விரலைக் கேட்கிறது. என்னிடம் இல்லாதது அதுதான். விரல் கேட்காத சாப்பாடு எது? பரோட்டா, பிஸ்கட், ரஸ்க். வலி அதிகமான நாட்களில்தான் எனக்கு எடை ஏறியது என்பது இதை யோசித்தபோதுதான் புரிந்தது. பேராசையாலோ சோம்பேறித்தனத்தாலோ இல்லை.

நேற்று அத்தையிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் முருங்கைக்கொம்பு ஒன்றை ஒடித்து வந்து, ஈரமில்லாமல் உதறி, மாமாவின் பழைய வேட்டியில் இறுக்கிச் சுற்றி, அடுப்படி மூலையில் வைத்தார். இன்று காலையில் பிரித்துக் காட்டினார். இணுக்கைப் பிடித்து லேசாக ஆட்டினாலே இலை பொலபொலவென்று கொட்டுகிறது. வேட்டியில் பச்சையாக ஒரு குவியல். நடுவில் இருந்த நாலைந்து காம்பை மட்டும் பொறுக்கினேன். என் கையால் கீரை ஆய்ந்து எத்தனை மாதமாயிற்று.

பிப்ரவரி 9, ஞாயிறு

போன வாரம் 76.9 இருந்தது, இன்று 77.8. மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கிவிட்டன, டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு வாரத்துக்கு 15 ஆக்கியிருக்கிறார். ஏறியதில் பாதி நீர்தான் என்றார், உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் நிறுத்தம். கருவாடு போனதுதான் வருத்தம், மலிவாகக் கிடைத்த புரதம் அது. நடையும் இல்லை. அழுதேன். இரவு பதினொரு மணிக்குப் பசித்து எழுந்து மோர் குடித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர் ஒரு டப்பா பவுடர் காட்டினார். மூலிகையாம், மாதம் ஐந்து கிலோ குறையுமாம், 2,800 ரூபாய், தவணையிலும் தரலாமாம். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதவே இல்லை. மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்களுக்கு ஈரல் பழுதாகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, அது சும்மா இல்லை. என்னவென்று தெரியாததை அதற்கு மேல் போட முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்கும் முன் டப்பாவோடு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

மார்ச் 12, மாசி மகம்

தெருவே கும்பகோணம் கிளம்பிவிட்டது, மகாமகக் குளத்துக்கு. அந்தக் கூட்டத்தில் படி இறங்க என் முட்டிக்கு முடியாது. மாத்திரை மறுபடி 10-க்கு வந்திருக்கிறது. வெயில் ஏறும் முன் ஆற்றங்கரையில் நடந்தேன், போக ஏழு நிமிஷம், வர ஏழு நிமிஷம். ஆறு வெறும் மணல். போன மாதம் நாலு நிமிஷத்தில் திரும்பிவிடுவேன்.

நல்ல நாள், கெட்ட நாள் என்று சமையலைப் பிரித்துவிட்டேன். கை நன்றாக இருக்கும் நாளில் தண்டு நறுக்கி மோரில் போட்டு வைப்பது, பயறு ஊறவைத்து முளைகட்டுவது, அடை மாவு அரைத்து எடுத்து வைப்பது. கை ஓடாத நாளில் முட்டை, முளைப்பயறு, மோர்ச் சோறு. தையல் அதிகமான நாளும் கெட்ட நாள் கணக்கில்தான். இவருக்கும் முட்டை அவிக்கத் தெரிந்துவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

74.6.

இரண்டு நாளாகப் பயறு பறித்து வந்து வாசலில் காய்கிறது. மாத்திரை 7.5 ஆகியிருக்கிறது. வெயிலில் நெற்று தானாக வெடிக்கிறது, தடியால் லேசாகத் தட்டினால் போதும், உரிக்க வேண்டியதே இல்லை. அத்தை முறத்தில் புடைக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்குகிறேன். குத்தகை போக ஒரு மூட்டை நமக்கு நிற்கும் என்று இவர் சொல்கிறார். இரவு மெத்தோட்ரெக்சேட் போட வேண்டும், நாளை குமட்டும். அதனால் இப்போதே ஒரு ஆழாக்குப் பயறு ஊறப்போட்டுவிட்டேன், செவ்வாய்க்கிழமைக்கு முளை வந்திருக்கும்.